பர்னரைச் சோடாவில் ஊறப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் கேஸ் அடுப்பைச் சுத்தம் செய்வது பற்றி வந்த குறிப்புகளைப் படித்தேன். மேல்தகட்டைப் பளபளவென்று துடைப்பதை விளக்கமாகச் சொல்லியிருந்தீர்கள். பர்னருக்கு மட்டும் ஒரே வரி: சலவைச் சோடா கலந்த வெந்நீரில் இரவு முழுக்க ஊற வைக்க வேண்டுமாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அடுப்பில் பெரிய பர்னர் பித்தளை. சின்னது தேய்ந்துபோனதால் கடையில் கிடைத்த அலுமினிய பர்னரை வாங்கிப் போட்டிருந்தோம். நானும் ஒருமுறை இரண்டையும் சேர்த்துச் சோடாத் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அலுமினியம் கறுத்து, சொரசொரவென்று அரித்துக் கிடந்தது. அலுமினியத்துக்குச் சோடா ஆகவே ஆகாது. வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போதும். பித்தளை என்றால் குத்துவிளக்குக்குப் போடுகிற அதே புளிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் சுடர் மஞ்சளாக எரிய ஆரம்பித்து, சோறு வைக்கிற குண்டான் அடியில் தொட்டால் கையில் ஒட்டுகிற மாதிரி கரி பிடித்தது. கேஸ்தான் சரியில்லை என்று நினைத்தேன். சிலிண்டர் மாற்றியும் அப்படியேதான் எரிந்தது. பார்க்க வந்த மெக்கானிக் புது பர்னர் போடச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிறவர். நாள் முழுக்கச் சுடரைப் பார்த்தே வேலை செய்கிறவர் அல்லவா, "காத்து பத்தல" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். பர்னரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். சுடர் வரும் சின்னச் சின்ன ஓட்டைகளைத்தான் கண் என்பார்கள், அதில் பாதிக் கண்களில் வெளிச்சமே தெரியவில்லை. பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் காய்ந்து கல்லாகியிருந்தன. அடியில் இருக்கும் குழாய்க்குள் பூச்சிக்கூடு வேறு. கேஸ் வெளியே வரும் சின்ன ஓட்டையுள்ள முனைதான் ஜெட். அதிலிருந்து வேகமாக வரும் கேஸ், பக்கத்திலிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டுதான் அந்தக் குழாய்க்குள் போகிறது. வழி அடைத்தால் காற்று குறையும், கேஸ் முழுதாக எரியாது, மிச்சம் கரியாகப் பாத்திரத்தில் ஒட்டும். ஜன்னலைச் சாத்திய சமையலறையில் கார்பன் மோனாக்சைடும் சேரும். அதற்கு வாசனையே கிடையாது.

ஊக்கால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தினோம். பல் குத்தும் குச்சி வேண்டாம், உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். குழாய்க்குள் பட்டறைப் பிரஷ்ஷை விட்டு எடுத்தார். ஜெட்டில் மட்டும் ஊசி விடக்கூடாது, ஓட்டை பெரிதானால் கேஸ் அளவே மாறிவிடும். அப்புறம் கழுவி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் காயவைத்து மாட்டினோம். பற்றவைத்ததும் நீலச் சுடர் சுற்றிலும் ஒரே உயரத்தில் எழுந்தது. அதே பழைய பர்னர்தான் இன்றுவரை எரிகிறது.

இதையெல்லாம் ரெகுலேட்டரை மூடிவிட்டு, அடுப்பு நன்றாக ஆறிய பிறகுதான் செய்ய வேண்டும். கண்ணாடி மேல்தகடு என்றால் சூட்டோடு ஈரத்துணி படவே கூடாது, விரிசல் விடும். கேஸைத் திறந்து மூடும் திருகு இறுகினால் சமையல் எண்ணெய் விடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். அடுப்பைத் தூக்கும்போது டியூபையும் பாருங்கள், 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. கசிவு சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிகிறது. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், கேட்கவே வயிறு கலங்குகிறது. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாசனை அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அழையுங்கள்.

ஏற்காட்டில் இருக்கும் என் தங்கை உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, சந்தைக்குப் போனால் தனக்கும் அரைக் கிலோ சலவைச் சோடா வாங்கி வைக்கச் சொல்லி நேற்று போன் செய்தாள். அவள் வீட்டில் இரண்டுமே அலுமினிய பர்னர். நல்லவேளை, என்னிடம் கேட்டாள். மற்ற வாசகர்களுக்காக அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.