விற்பனைக் காணொளிகளில் சோதிக்கப்படுவது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிப் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வெளியாகின்றன. யார் எவ்வளவு இழந்தார், எங்கே புகார் கொடுத்தார் என்பதோடு அவை பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. பணம் கட்டத் தூண்டிய அந்தக் காணொளி எப்படித் தயாராகிறது, எப்படிச் சோதித்துப் பார்க்கப்படுகிறது என்பது அரிதாகவே பேசப்படுகிறது. கோவையில் இத்தகைய காணொளிகளைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், அதைப் பற்றித் தங்கள் வாசகர்களிடம் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு வகுப்புக்கு விளம்பரம் எடுக்கும்போது ஒரே ஒரு காணொளியோடு நிறுத்துவதில்லை. நடுப்பகுதியும் முடிவும் ஒன்றாக இருக்க, தொடக்கத்தின் சில விநாடிகள் மட்டும் மாறுபடும்படி இரண்டு மூன்று வடிவங்களைத் தயார் செய்வோம். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் அவற்றைத் தனித்தனிக் கூட்டத்தாருக்குக் காட்டி, எதைப் பார்த்தவர்கள் அதிகமாகப் பணம் கட்டினார்களோ அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்திவிடுவார்கள். தொழிலில் இதற்கு ஏ/பி டெஸ்ட் என்று பெயர். இது இணையத்தோடு பிறந்த முறையும் அல்ல. அமெரிக்காவில் அஞ்சல் வழியே பொருள் விற்றவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே விளம்பரத்துக்கு விளம்பரம் கூப்பனில் வெவ்வேறு குறியீட்டை அச்சிட்டு, எது அதிகமாகத் திரும்பி வருகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். முறையில் எனக்குக் குறை தெரியவில்லை. அதை வைத்து எதை எண்ணுகிறோம் என்பதில்தான் குறை இருக்கிறது.

டேலி என்ற கணக்குப் பதிவு மென்பொருளும் ஜிஎஸ்டி கணக்கும் சொல்லித் தரும் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். முதல் வடிவத்தில் ஆசிரியர் ஒரு மளிகைக் கடையின் கொள்முதல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, அதை டேலியில் எப்படிப் பதிவு செய்வது, அதிலுள்ள ஜிஎஸ்டி எந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது என்று நேராகச் செய்து காட்டுகிறார். இரண்டாவது வடிவத்தில் "மாதம் 40,000 ரூபாய் சம்பளம்" என்ற மஞ்சள் எழுத்துகள் திரையை நிறைத்துக்கொண்டு வருகின்றன. பின்னால் யாரோ ஒருவர் பணி நியமன ஆணையை வாங்கிக்கொண்டு கைகுலுக்குகிறார். முதல் வாரத்தில் இரண்டாவதே ஜெயிக்கும். உடனே முதலாவது நிறுத்தப்படும். கணினி விசைப்பலகையைத் தொட்டுப் பார்த்திராதவர்களும், வேலை நிச்சயம் என்று நம்பிக் கடன் வாங்கிச் சேர்ந்தவர்களும் பணத்தைத் திருப்பிக் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பது மூன்றாவது வாரத்தில். அந்த அழைப்புகள் விளம்பரக் கணக்கின் திரையில் எந்தக் கட்டத்திலும் தெரிவதில்லை. அவற்றுக்குப் பதில் சொல்பவர் வேறு ஒரு மேசையில் இருப்பார். காணொளியைத் தேர்ந்தெடுத்தவரின் காதுக்கு அவை எட்டுவதே இல்லை.

பலரும் கவனிக்காத ஒரு கணக்கும் இதில் இருக்கிறது. இரண்டு வடிவங்களையும் தலா ஆயிரம் பேர் பார்த்து, ஒன்றிலிருந்து 20 பேரும் மற்றதிலிருந்து 26 பேரும் சேர்ந்தால், இரண்டாவது முப்பது சதவீதம் மேலானது என்று விற்பவர் மகிழ்ந்துபோகிறார். ஆனால் ஒரே காணொளியை இரண்டு கூட்டங்களுக்குக் காட்டினாலும் இந்த அளவு ஏற்றத்தாழ்வு மூன்று தடவைக்கு ஒரு தடவையாவது தற்செயலாகவே வந்துவிடும். இரண்டு சதவீதத்துக்கும் 2.6 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாடு உண்மைதானா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வேண்டும். வீட்டிலிருந்தபடி ஆரி வேலைப்பாடோ கேக் செய்முறையோ கற்றுத் தரும் ஒருவரிடம் அவ்வளவு விளம்பரச் செலவுக்குப் பணம் இருக்காது. சிறிய கூட்டத்தில் பெரிய வேறுபாடு மட்டுமே கண்ணுக்குத் தெரியும் என்பதால், அவர் பெரிய வேறுபாட்டையே தேடிப் போகிறார். பாடத்தை இன்னும் தெளிவாகக் காட்டுவது, விலையை முன்னாலேயே சொல்வது போன்ற சிறிய, நல்ல மாற்றங்கள் அந்தச் சோதனையில் தேறுவதில்லை. பெரிய சம்பளத் தொகை, திரையில் ஒருவர் விடும் கண்ணீர், சலுகை முடியும் நேரத்தை எண்ணிக் காட்டும் கடிகாரம் ஆகிய மூன்றும் தேறிவிடுகின்றன. ஆகவே, நல்ல மனிதர்களும் ஓசை மிகுந்த காணொளிகளில் போய் நிற்பதற்குப் பேராசை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கையில் இருக்கும் அளவுகோலே அவர்களை அங்கே தள்ளுகிறது.

அந்தக் கடிகாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்து வைத்த பாடங்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம். அத்தகைய வகுப்புக்கு "இன்னும் 7 இடங்களே உள்ளன" என்று சொல்வதில் எந்தப் பொருளும் இல்லை. பத்து நிமிடத்தில் சலுகை முடிவதாகக் காட்டும் பக்கத்தை வேறொரு கைப்பேசியில் திறந்தால், பல நேரங்களில் அந்தப் பத்து நிமிடம் புதிதாகத் தொடங்குவதை வாசகர்களே பார்க்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இத்தகைய பொய்யான அவசரத்தை முறையற்ற பதின்மூன்று இணைய உத்திகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. பயிற்சி மையங்களுக்கென்று 2024 நவம்பரில் தனியாக வெளியிடப்பட்ட நெறிகளும் இதைத் தடை செய்வதோடு, தேர்ச்சி பெற்றவரின் படத்தையோ பேச்சையோ அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்றும், அந்தச் சம்மதத்தைத் தேர்ச்சிக்குப் பிறகே பெற வேண்டும் என்றும், அவர் எந்த வகுப்பில் படித்தார், அதற்குக் கட்டணம் கட்டினாரா என்பதைக் காட்ட வேண்டும் என்றும் சொல்கின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க முடியும். இவற்றைக் கேள்விப்பட்டே இராத காணொளித் தயாரிப்பாளர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன்.

சட்டம் பொய்யைத் தடுக்கலாம். பொய் சொல்லாமலேயே தவறாகப் புரிந்துகொள்ள வைக்கும் காணொளியைக் கண்டுபிடிக்க வேறொரு சோதனை வேண்டும். செலவே இல்லாத சோதனை அது. வகுப்பில் சேரக்கூடிய சிலரை ஒவ்வொருவராக அழைத்து, அவரவர் கைப்பேசியிலேயே காணொளியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நாம் எந்த விளக்கமும் தராமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பார்த்து முடித்ததும் இதில் சேர்ந்தால் உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார்களா என்று மூன்றே கேள்விகள் கேட்டால் போதும். ஒரு முறை, தையல் கடையில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் மூன்றாவது கேள்விக்குச் சற்றும் தயங்காமல், "ஆமாங்க, வேலை போட்டுக் கொடுப்போம்னு சொன்னாருங்களே" என்றார். காணொளியில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. "வேலைவாய்ப்புக்கு வழிகாட்டுவோம்" என்றுதான் ஆசிரியர் பேசியிருந்தார். ஆனால் அந்தச் சொற்கள் ஒலித்தபோது திரையில் ஓடியது அந்தக் கைகுலுக்கும் காட்சி. அந்த அம்மா காதால் கேட்டதை விடக் கண்ணால் கண்டதையே நினைவில் வைத்திருந்தார். காட்சியை நீக்கி, "வேலை தேடுவது உங்கள் பொறுப்பு, நேர்காணலுக்குத் தயாராக நாங்கள் உதவுவோம்" என்று ஆசிரியரையே சொல்ல வைத்த பிறகு, அடுத்துப் பார்த்தவர்கள் சரியாகப் பதில் சொன்னார்கள். எந்த விளம்பரக் கணக்கின் எண்ணும் இதைக் காட்டிக் கொடுத்திருக்காது.

விற்பனை முடிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஹார்வர்டு, எம்ஐடி ஆகிய இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் எட்எக்ஸ் என்ற இணைய வகுப்புத் தளத்தில் நடத்திய வகுப்புகளைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வின்படி, 2017–18 கல்வியாண்டில் மொத்தமாகச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்று சதவீதத்தினரே வகுப்பை முடித்தார்கள். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களிலும் 46 சதவீதத்தினர் மட்டுமே முடித்தார்கள். அவ்வளவு பெயர் பெற்ற நிறுவனங்களிலேயே நிலைமை இப்படி என்றால், மிகைப்படுத்திய காணொளியை நம்பிச் சேர்ந்தவர் எத்தனை பாடம் வரை தாங்குவார்? ஐஐடிக்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் வகுப்புகளின் பக்கங்களைப் பார்த்தால், யாருக்கான பாடம், முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும், எந்த வாரத்தில் எது நடத்தப்படும் என்பதையெல்லாம் சேருவதற்கு முன்பே படித்துவிட முடிகிறது. பணம் வாங்கும் வகுப்புக்கு இந்த விவரங்கள் இன்னும் கூடுதலாகத் தேவை. இரண்டு வடிவங்களில் எது மேல் என்பதை, பணம் கட்டியவர்களின் எண்ணிக்கையால் அல்லாமல், ஒரு மாதம் கழித்தும் பாடம் படித்துக்கொண்டிருப்பவர்களின் எண்ணிக்கையிலிருந்து பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களைக் கழித்து முடிவு செய்யுங்கள் என்று என்னிடம் வரும் ஆசிரியர்களிடம் வற்புறுத்தி வருகிறேன். ஒரு மாதம் காத்திருக்க மனம் வராதவர்கள் அதிகம் என்றாலும், காத்திருந்து பார்த்த சிலர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் வடிவத்துக்கே திரும்பியிருக்கிறார்கள்.

இத்தகைய மோசடிகளைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, அந்தக் காணொளியில் என்ன சொல்லப்பட்டது, என்ன காட்டப்பட்டது என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு வாசகர்களின் ஒத்துழைப்பும் தேவை. நம் நாட்டில் ஃபேஸ்புக்கில் வரும் விளம்பரங்களை யாரும் தேடிப் பார்க்கக்கூடிய ஆட் லைப்ரரி பக்கத்தில் சாதாரண வணிக விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்வரை மட்டுமே தெரியும், நிறுத்தியதும் மறைந்துவிடும். எனவே, பணம் கட்டுவதற்கு முன் அந்தக் காணொளியையும், விலை காட்டும் பக்கத்தையும் கைப்பேசியின் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் வசதியால் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் தரும்போது, "இப்படித்தான் சொன்னார்கள்" என்று காட்ட அந்தப் பதிவு கையில் இருக்கும்.

இப்படிக்கு,
இணைய வகுப்புகளுக்குக் காணொளி தொகுப்பவர்,
கோயம்புத்தூர்.