‘ஆல்தோ’ வந்தால் ‘பட்’ எதற்கு?

ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கான தேர்வு வழிகாட்டிப் பக்கங்களில் ‘ஆல்தோ – ஆனாலும், பட் – ஆனால், டெஸ்பைட் – இருந்தும்’ என்று பட்டியல் போடுகிறார்கள். தமிழ்வழிப் பிள்ளைகளின் தாள்களில் நாங்கள் திருத்தும் பல பிழைகளுக்கு இந்தப் பட்டியல்தான் ஊற்று.

‘காசிமேட்டில் மழை பெய்தது. ஆனாலும் மீன் ஏலம் நிற்கவில்லை’ என்பதில் ‘ஆனாலும்’ ஏலத்துக்கு முன்னால் வருகிறது. பட்டியலை நம்பிய பிள்ளை ‘ஆல்தோ’வையும் அங்கேயே கொண்டுபோய் வைக்கிறது, பொருள் புரண்டுவிடுகிறது. ‘ஆல்தோ’வுக்குத் தமிழில் இணை தனிச்சொல் அல்ல, ‘பெய்தாலும்’ என்பதன் கடைசியில் ஒட்டிய ‘ஆலும்’தான். ஆங்கிலத்தில் அது மழையைச் சொல்லும் பகுதியின் தொடக்கத்துக்குப் போய்விடும். ‘மழை பெய்தாலும், ஆனால் ஏலம் நிற்கவில்லை’ என்று நாம் யாரும் சொல்வதில்லையே. அதே காரணம்தான்: ‘ஆல்தோ’ போட்ட பிறகு ‘பட்’ கூடாது. (‘யெட்’ வரலாம், தேர்வு எழுதும் பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வேண்டாம்.)

வாக்கியத்தை மாற்றி எழுதும் கேள்வியில் காம்பவுண்டுக்கு (இரண்டு சம வாக்கியங்கள் சேர்ந்தது) ‘பட்’, காம்ப்ளக்ஸுக்கு (ஒன்றைச் சார்ந்து மற்றொன்று வருவது) ‘ஆல்தோ’, சிம்பிளுக்கு (தனி வாக்கியம்) ‘டெஸ்பைட்’ அல்லது ‘இன் ஸ்பைட் ஆஃப்’. மார்க் போவது சிம்பிளில். அதில் ஒரே ஒரு முற்றுவினைதான் இருக்கலாம். ‘டெஸ்பைட் இட் ரெயின்ட்’ என்றால் இரண்டாகிவிடும். ‘மழையிலும் ஏலம் நிற்கவில்லை’ என்று முதலில் தமிழில் சுருக்கச் சொல்லுங்கள், ‘டெஸ்பைட் தி ரெயின்’ தானாக வரும். ‘டெஸ்பைட்’டுக்குப் பின் ‘ஆஃப்’ கிடையாது.

‘மழை பெய்தாலும் போவேன்’, ‘மழை பெய்தாலும் போனேன்’. நமக்கு இரண்டிலும் ஒரே ‘பெய்தாலும்’. ஆங்கிலத்தில் முதலாவது ‘ஈவன் இஃப்’, இரண்டாவது ‘ஈவன் தோ’. பெய்துவிட்ட மழையா, இனிப் பெய்யக்கூடிய மழையா என்று கேட்டால் பிள்ளைகள் தவறுவதில்லை.

உங்கள் வழிகாட்டிப் பக்கத்திலாவது சொற்பட்டியலை எடுத்துவிட்டு, ஒரே செய்தியை மூன்று வடிவத்திலும் எழுதி, பக்கத்திலேயே தமிழ் வாக்கியத்தையும் அச்சிடுங்கள். இடம் போதவில்லை என்றால் ‘ஹவ்எவர்’ஐ விட்டுவிடலாம், அதற்கு முன்னால் முற்றுப்புள்ளி, பின்னால் கமா என்பதைப் பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொள்ளட்டும்.

– மாலை வகுப்பு ஆங்கில ஆசிரியர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை