ஞாயிறு பிராணிகள் சந்திப்பு: புகை வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு (15ஆம் தேதி) காலை 10 மணிக்குத் தோட்டத்து பாலாய் ராயாவுக்கு (பொது மண்டபம்) பிள்ளைகள் தாங்கள் வளர்க்கும் பாம்பு, கெக்கோ (பல்லி வகை), ஆமைகளைக் கொண்டு வருகிறார்கள். பெரும்பாலான பாம்புகளுக்கு வலது நுரையீரல்தான் ஒழுங்காக வேலை செய்யும். உதரவிதானமும் (மூச்சுவிட உதவும் நெஞ்சுக்கூட்டின் அடித்தசை) கிடையாது, அதனால் நம்மைப் போல இருமிச் சளியைத் துப்ப வராது. கண்ணாடித் தொட்டிக்குள் போன புகையிலிருந்து அது எங்கே ஓடும்?

1. மண்டபத்திலும் வாசலிலும் சிகரெட், வேப் வேண்டாம்.
2. புகைத்தவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பிராணியைத் தொடுங்கள். நிக்கோடின் விரலில் ஒட்டியிருக்கும். சட்டையையும் மாற்றினால் நல்லது (மாமாக்களே, உங்களைத்தான்).
3. பிராணி வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ இங்கே கொண்டு வராமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.
4. லைசென்ஸ் தேவைப்படும் பிராணி என்றால் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) பத்திரமும் கையில் இருக்கட்டும்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரையும் பிராணியையும் இங்கே போட்டுவிடுங்கள்.