2024 ஆண்டறிக்கை: பழைய கட்டுமானச் சாமான் வேலையும் மத்த விஷயங்களும்

தலைவர் அண்ணனுக்கும் கூட்டத்துக்கு வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். சங்கச் செயலாளரா நான் வாசிக்கிற இந்த அறிக்கையை வராதவங்களும் படிக்கணும்னுதான் வாட்ஸ்அப் குரூப்லயும் போடுறேன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். தீபாவளிக்கு அரிசி, எண்ணெய் கொடுத்தோம். செயற்குழு 6 தடவை கூடுச்சு.

மத்தபடி என் நேரம் முழுக்கப் போனது இடிபடுற வீட்டுச் சாமானைச் சேர்க்கிற வேலைக்குத்தான். இதெல்லாம் சங்கத்து வேலையான்னு போன கூட்டத்துல சிலர் கேட்டீங்க. நம்ம ஆளுங்க வீட்டுல அடுப்படி ஒழுகுது, சுவத்துல ஈரம் ஏறுது, கொண்டிராக்டர் சொல்ற விலையைக் கேட்டா தலை சுத்துது. அந்தப் பக்கம் பினாங்குப் பெருநிலத்துல, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம்ல நல்ல மரம், நல்ல செங்கல் உள்ள பழைய வீடுங்க இடிபட்டுக் குப்பைக்குப் போகுது. (பினாங்குத் தீவுல, ஜார்ஜ்டவுன்ல 2008-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குப் போன பகுதில இஷ்டத்துக்கு இடிக்க முடியாது, அதனால தீவுப் பக்கம் நான் தேடல.) இதைச் சேர்த்துக் கொடுக்கிறது சங்கத்து வேலை இல்லன்னா வேற எது?

சுண்ணாம்புக் காரைல (கல்லை ஒட்ட வைக்கிற கலவை) கட்டின பழைய செங்கல்லை உளியால லேசா தட்டினா காரை உதிர்ந்து கல்லு முழுசா கைக்கு வரும், சிமெண்டுல கட்டினதுன்னா கல்லுதான் முதல்ல உடையும், அதனால வாங்கறதுக்கு முன்னாடி எந்தக் காரைன்னு பாருங்க. பழைய செங்கல் சுவத்து மேல சிமெண்டு பூசினா ஈரம் வெளிய வர வழியில்லாம உப்புப் பூத்து உதிர்ந்துரும். ஒரு அக்கா வீட்டு அடுப்படிச் சுவத்துக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல் கலந்து பூசினோம். சுண்ணாம்பு காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெதுவாத்தான் இறுகும், பொறுமை வேணும். மழைக்காலம் தாண்டியும் அந்தச் சுவர் காய்ஞ்சு நிக்குது, போய்ப் பாருங்க.

ஆகஸ்ட்ல நடந்ததை நான் சொல்லியே ஆகணும். ஒரு பழைய பலகை வீட்டுக்காரர் சனி, ஞாயிறு மட்டும் டைம் கொடுத்தார், திங்கள் காலைல மெஷின் வந்துரும். வெள்ளிக்கிழமையே குரூப்ல போட்டேன், 40 பேருக்கு மேல பார்த்தீங்க, வந்தது நாங்க 4 பேர், அதுல ஒரு ஐயாவுக்கு 68 வயசு. செங்கால்ங்கிற கெட்டி மரத்துல தூண் 12, கதவு, சன்னல் எல்லாம் இறக்கிட்டோம். கரையான் சுலபமா தொடாத மரம் அது, ஆணி அடிக்கணும்னாகூட முதல்ல டிரில் போடணும். ஆனா கூரை ஓடுகளை இறக்க ஆளில்ல. திங்கள்கிழமை மெஷின் அதையெல்லாம் நொறுக்கினப்போ வேலிக்கு வெளிய நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். அத்தனையும் நல்ல ஓடு, மனசு இன்னும் ஆறல.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு சும்மா கிடைச்சும் ஏன் எடுக்கலன்னு கோவப்பட்டவங்களுக்கு: அதை உடைச்சாலோ அறுத்தாலோ தூசு நுரையீரலுக்குப் போகும், புற்றுநோய் வரலாம். நான் செயலாளரா இருக்கிற வரைக்கும் அது நம்ம சாமானோட சேராது.

கணக்கைப் பொருளாளர் விவரமா வாசிப்பார். லோரி வாடகைலதான் பெரும்பகுதி போச்சு, கையிருப்பு கொஞ்சம்தான். சந்தா வருஷத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), பாதிக்கு மேல பேர் இன்னும் கட்டல. கதவு வாங்கிட்டுப் போனவங்களும் அந்த லிஸ்ட்ல இருக்கீங்கன்னு சொல்றப்ப எனக்கே வருத்தமா இருக்கு. கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள சங்கப் பதிவகத்துக்குக் கணக்கு அனுப்பணும், அதுக்குள்ள கட்டிருங்க.

தலைவர், பொருளாளர், செயற்குழு, மண்டபம் கொடுத்த கோயில் நிர்வாகம் எல்லாருக்கும் நன்றி. லோரி ஓட்டின தம்பிக்குத் தனியா நன்றி.

அடுத்த வருஷம் இந்தப் பொறுப்புல நான் இருப்பேனா தெரியாது, உடம்பும் முன்ன மாதிரி இல்ல. சாமான் எல்லாம் என் வீட்டுப் பின்னாடி தார்பாய்க்கு அடிலதான் கிடக்கு, தரையில படாம, மழை படாம அடுக்க ஒரு கொட்டாய் இருந்தா நல்லாருக்கும், இடம் இருக்கிறவங்க யோசிங்க. அடுத்த மாசம் சுங்கை பக்காப்ல ஒரு ஓட்டு வீடு இடிக்கிறாங்க. குறைஞ்சது 10 பேர் வேணும், ஏணி, கையுறை, பூட்ஸ் கொண்டு வாங்க. வர்றவங்க இப்பவே என்கிட்ட பேர் கொடுத்துட்டுப் போங்க.