வண்டிக்குத் தெரிந்த இடம் 108-க்குத் தெரியவில்லை
மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

விபத்தில் சிக்கிய கார் தானாகவே அவசர உதவியை அழைக்கும் ஏற்பாடு உங்களுக்குப் புதிதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புது மாடல் கார்களுக்கு அது கட்டாயம். அதே ஆண்டில் இந்த ஏற்பாட்டுக்கான ஐ.நா.வின் 144-ஆம் எண் விதிமுறையும் வந்தது. ஜெனீவாவில் வாகன விதிகளைப் பேசும் கூட்டங்களில் இந்தியாவும் கலந்துகொள்கிறது. அதனால் முன்கதை வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான். இங்கே விற்கும் ஒவ்வொரு புதுக் காரும், எந்த கம்பெனியுடையதாக இருந்தாலும், அடிபட்டவுடன் நேராக அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்க வேண்டும். அதோடு போகும் தகவல் உலகம் ஒப்புக்கொண்ட பொது வடிவில் இருக்க வேண்டும்.

என் தம்பி திருச்சியிலிருந்து என் காரில் சென்னைக்கு வந்துகொண்டிருந்தான். நள்ளிரவுக்குப் பிறகு எனக்கு ஒரு போன். கார் கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்திலிருந்து, வேறு மாநிலத்திலிருந்து ஒரு பெண் பேசினார். "உங்கள் வண்டியில் ஏர்பேக் விரிந்திருக்கிறது, உள்ளே இருப்பவர் பதில் சொல்லவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வண்டி நிற்கும் இடம் அவருடைய திரையில் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டு 108-க்கு அதை அனுப்ப அவர்களுக்கு வழி இல்லையாம். வரைபட இணைப்பை எனக்கு அனுப்புவதாகவும், நானே ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்.

குரோம்பேட்டையில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு 108-ஐ அழைத்தேன். "எந்த இடம் சார்? பக்கத்துல என்ன இருக்கு? சென்னை போற பக்கமா, திருச்சி போற பக்கமா?" என்று பொறுமையாகக் கேட்டார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நடுவில் தடுப்பு உள்ள சாலையில் எதிர்ப்பக்கம் போய் நின்றால் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், கேட்கத்தானே செய்வார்கள்? வரைபட இணைப்பு இன்னும் வந்து சேரவில்லை. என் கையில் இருந்தது ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி மட்டும்தான். ஆத்தூர் சுங்கச்சாவடியில் பணம் பிடித்திருந்தார்கள். அதை வைத்து, "ஆத்தூர் டோலைத் தாண்டி, மேல்மருவத்தூருக்கு முன்னாலோ பின்னாலோ" என்றேன். உயிருக்குப் போராடுகிறவனின் முகவரியாக என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

தம்பி பிழைத்துக்கொண்டான். சாலையோரக் கருவேல முள்ளுக்குள் விளக்கு எரிவதைப் பார்த்து ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தியதால் பிழைத்தான். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்ற தமிழக அரசின் திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கிவைத்ததும் அதே மேல்மருவத்தூரில்தான். நல்ல திட்டம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால்தானே அது கைகொடுக்கும்?

ஐரோப்பாவில் இந்தத் தடுமாற்றம் இல்லை. மோதிய நேரம், இடம், வண்டி போய்க்கொண்டிருந்த திசை, வண்டியின் சேசிஸ் எண், எரிபொருள் வகை எல்லாம் ஒரு சின்னத் தகவல் தொகுப்பாக அந்தப் பகுதியின் 112 மையத்துக்குப் (அங்கேயும் அவசர எண் 112தான்) போகிறது, கூடவே பேச்சு இணைப்பும் கிடைக்கிறது. ஜெர்மனியில் பதிவான கார் இத்தாலியில் கவிழ்ந்தாலும் இத்தாலி மையத்துக்கு அது புரியும். விபத்து நடக்கும்வரை அந்தக் கருவி யாரையும் பின்தொடர்வதில்லை. கிராமப்புறங்களில் உதவி வந்து சேரும் நேரத்தை இது பாதியாகக் குறைக்கும் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் கணிப்பு. நம்மிடம் ஓசூர் தாண்டினால் மாநிலம் மாறுகிறது, ஆனாலும் 112 நாடு முழுக்க ஒரே எண்தான். அந்த எண்ணோடு காரை இணைப்பதுதான் பாக்கி.

வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவிக்கான ஏஐஎஸ்-140 என்ற தர நிர்ணயம் இருக்கிறதே என்பீர்கள். அது பேருந்து, டாக்சி போன்ற பொது வாகனங்களுக்கானது. அதிலும் அவசர பொத்தானை யாராவது அழுத்த வேண்டும். மயங்கிக் கிடப்பவர் எப்படி அழுத்துவார்?

தொழில்நுட்பம் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வெளிநாட்டுக்குப் போகும் கார்களைச் செய்கிறார்கள். போய் இறங்கும் நாட்டின் சட்டம் எதைக் கேட்கிறதோ அது அந்தக் காரில் இருக்கும். நம் சட்டம் கேட்கவில்லை, அதனால் இல்லை. எந்த வங்கியின் ஃபாஸ்டேக்காக இருந்தாலும் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எந்தத் தேசிய நெடுஞ்சாலைச் சாவடியிலும் வேலை செய்கிறது, ஏனென்றால் அரசு உத்தரவு போட்டது. சாலையில் காசு வாங்க முடிந்த ஒருங்கிணைப்பு அதே சாலையில் உயிரைக் காக்க மட்டும் ஏன் முடியாது? 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக உங்கள் அமைச்சகத்தின் அறிக்கையே சொல்கிறது. விபத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். அந்த நேரம் "பக்கத்துல என்ன இருக்கு?" என்ற கேள்வியில் கரைந்துபோகிறது ஐயா.

வருத்தத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா முதலில் 2ஜி, 3ஜி-யை நம்பித் தொடங்கியது, இப்போது 4ஜி-க்கு மாறிக்கொண்டிருக்கிறது. நாம் முதலிலேயே 4ஜி-யில் தொடங்கலாம். 144-ஆம் விதிமுறையை ஒட்டி ஒரு வாகனத் தர நிர்ணயத்தை வெளியிட்டு, எந்தத் தேதி முதல் கட்டாயம் என்பதையும் அதிலேயே அறிவியுங்கள். கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர் மையத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும், ஆனால் முதல் அழைப்பு 112-க்குப் போக வேண்டும். அங்கிருந்து 108-க்கு அந்தத் தகவல் அப்படியே போய்ச் சேரும்படி மாநில அரசுகளோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குரோம்பேட்டையிலிருந்து ஒரு கார் உரிமையாளர்,
சென்னை