மீதிப் பேரையும் சொல்லுங்கள்: உளவியல் பாடநூல் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சமூக உளவியல் அத்தியாயம் முடிந்ததும் வகுப்பில் "என்ன புரிந்தது?" என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மனுஷங்க எல்லாம் மந்தை. நாலு பேர் சொன்னா அதையே நாமும் சொல்லிடுவோம்." மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. உங்கள் நூலைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சோதனைகளைச் செய்தவர்களின் மூலக் கட்டுரைகளைப் படித்தால் அப்படித் தோன்றுவதில்லை. நடுவில் விட்டுப்போனதைத் திரும்பச் சேருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனையை எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளம் அந்த மூன்றில் எதற்குப் பொருந்துகிறது என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவரைத் தவிர அறையில் இருக்கும் எல்லோரும் ஆஷ் சொல்லி வைத்த ஆட்கள். முதல் இரண்டு சுற்றில் எல்லோரும் சரியாகவே சொல்கிறார்கள். மூன்றாவதில் முதல் ஆள், பார்த்தாலே தப்பு என்று தெரியும் கோட்டைச் சொல்கிறார். அடுத்தவரும் அதையே. அதற்கடுத்தவரும். விஷயம் தெரியாத அந்த ஒருவருக்கு முறை வரும்போது வரிசை ஏறக்குறைய முடிந்திருக்கும். மொத்தம் 18 சுற்றில் 12 இப்படி.

நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு போனார்கள் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. உண்மைதான். நான்கில் ஒருவர் 12 முறையும் அசையவே இல்லை என்பதும் உண்மை. பதில்களை மொத்தமாக எண்ணினால் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தவை ஏறத்தாழ 37 சதவீதம். மீதியெல்லாம் கண்ணால் பார்த்ததைச் சொன்னவை.

கூட்டத்தின் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. தனியாகப் பதில் சொன்னவர்கள் நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறாத இடத்தில் 37 சதவீதம் என்பது பெரிய எண். அதோடு நிறுத்திவிடுவதுதான் என் வருத்தம். ஏனென்றால் ஆஷ் அங்கே நிறுத்தவில்லை. வரிசையில் இன்னும் ஒரே ஓர் ஆளைச் சரியான பதில் சொல்ல வைத்துப் பார்த்தார். கூட்டத்தின் பிடி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்தத் துணை ஆள் பாதியில் கட்சி மாறி மற்றவர்களோடு சேர்ந்துகொண்டபோது, தவறுகள் சட்டென்று ஏறின. அதே ஆள் ஏதோ வேலை இருக்கிறது என்று எழுந்து வெளியே போனபோதோ, தவறுகள் கூடினாலும் அந்த அளவுக்கு ஏறவில்லை. போன பிறகும் அவர் கொடுத்த தைரியம் கொஞ்சம் அங்கேயே இருந்தது. மொத்த ஆய்விலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இதற்குப் பல நூல்களில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஸ்டான்லி மில்கிராமுக்கும் இதே கதிதான். 40 பேரில் 26 பேர், சோதனை நடத்தியவர் சொன்னார் என்பதற்காக, இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதாக நம்பி 450 வோல்ட் வரை விசையை அழுத்தினார்கள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் "இனி நான் செய்ய மாட்டேன்" என்று மறுத்துவிட்ட சோதனையில் கடைசி வரை போனவர்கள் 40 பேரில் 4 பேர் மட்டுமே. அதே மில்கிராம் செய்ததுதான் இதுவும்.

போலச்செய்தலுக்கு வந்தால் ஆல்பர்ட் பண்டூராவின் 1961ஆம் ஆண்டுச் சோதனை. பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகளின் படம் எல்லா நூலிலும் உண்டு. மொத்தம் 72 குழந்தைகள். அவர்களில் 24 பேர் பார்த்தது, பொம்மையைத் தொடாமல் அமைதியாக விளையாடிய பெரியவரை. அந்தக் குழந்தைகள், அடிப்பதைப் பார்த்தவர்கள், எந்தப் பெரியவரையும் பார்க்காதவர்கள் என்ற மற்ற இரண்டு குழுக்களைவிட அதிகமாகச் சாதுவான விளையாட்டில் இறங்கினார்கள். அமைதியும் தொற்றும் என்று காட்டுகிற அந்த 24 பேரின் படத்தை நான் எந்த நூலிலும் பார்த்ததில்லை.

1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொலை செய்யப்பட்டபோது 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்ற கதையை இன்னும் அச்சிடுகிறீர்கள். கிடைக்கும் சான்றுகள் இந்தக் கதையைத் தாங்கவில்லை என்று மூன்று ஆய்வாளர்கள் 2007இல் விரிவாகக் காட்டினார்கள். ஜன்னலிலிருந்து குரல் கொடுத்து, தாக்கியவனை விரட்டிய ஒருவர் இருந்தார். கீழே ஓடிப்போய், உயிர் பிரியும் நேரத்தில் கிட்டியைத் தாங்கிப் பிடித்திருந்த அண்டை வீட்டுப் பெண்ணும் இருந்தார்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு நீங்கள் நடத்தும் பாடத்திலேயே விடை இருக்கிறது. ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஒருவர் நினைவிலிருந்து எழுத, அதைப் படித்து அடுத்தவர் எழுத, கதை சுருங்கிக்கொண்டே போனது. பொருந்தாத விவரங்கள் உதிர்ந்தன. கடைசியில் படிப்பவர் ஏற்கெனவே எதிர்பார்த்திருந்த வடிவத்தில் வந்து நின்றது. ஒரு பாடநூலைப் பார்த்து இன்னொரு பாடநூல் எழுதினால் ஆஷுக்கும் மில்கிராமுக்கும் அதேதான் நடக்கும். நடந்தும் இருக்கிறது.

மந்தை என்று படித்துவிட்டுப் போகிற மாணவர், நாளை ஒரு கூட்டத்தில் தப்பு நடக்கும்போது "நான் ஒருத்தன் பேசி என்ன ஆகப்போகிறது" என்று வாயை மூடிக்கொள்வார். அந்த ஒருத்தனால் எவ்வளவு ஆகும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அளவை அவரிடம் மறைக்காதீர்கள்.

நான் கேட்பது சின்ன வேலைதான். அடுத்த பதிப்பைத் திருத்தும்போது இந்த அத்தியாயத்துக்கு மட்டுமாவது மூலக் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணங்கியவர்களின் எண்ணைச் சொல்லும் அதே வாக்கியத்தில் இணங்காதவர்களின் எண்ணையும் சொல்லுங்கள். ஆஷின் துணை ஆளைப் பெட்டிச் செய்தியாக ஓரத்தில் ஒதுக்காமல் பாடத்துக்குள் கொண்டு வாருங்கள். மில்கிராம் பக்கத்தில் 26 என்று அச்சிடும் இடத்திலேயே அந்த 4ஐயும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களை வைத்துப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர்