மெமோ எழுதும் முன் வார்டின் நோயாளிக் கணக்கை (சென்சஸ்) பாருங்கள்

சென்னையில் தனியார் மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நான் இந்த ஊரில் வார்டு இன்சார்ஜாக இருக்கும் செவிலியர். மருந்து தாமதமானாலோ டிரிப் தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்டாலோ ஸ்டாஃப் நர்ஸுக்கு மெமோ வருகிறது. விளக்கம் கேட்பதில் தப்பே இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட வேலை. ஆனால் அந்த ஷிப்டில் அவர் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள், அது தொடர்ந்து எத்தனையாவது நைட் என்று கேட்கும் மெமோவை நான் பார்த்ததில்லை.

இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு உங்களுக்குத் தெரிந்ததுதான். பொது வார்டில் 5 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் 3 பேருக்கு ஒருவர். லீவு எடுப்பவர்களுக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல் ஆள். இது வெறும் சம்பிரதாயக் கணக்கு அல்ல. நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2002-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினாலே, 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது.

இரவு எட்டு மணி டூட்டிக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ வருகிறவர் ஆறு மணிக்கே ரயில் ஏறியிருப்பார். பகலில் பிள்ளைகளையும் சமையலையும் பார்த்துவிட்டு எவ்வளவு தூங்கியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு ஷிப்ட் முடியும், அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவர் முடியாது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைவதாக 1997-ல் ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவீதம். அண்ணா சாலையில் வண்டியை விட்டு இறக்கிவிடும் நிலையை எட்டியவரைத்தான் விடிகாலையில் இன்சுலின் அளவு பார்க்கச் சொல்கிறோம். டபுள் டூட்டி போட்டால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் உடம்பு. கையால் நோயாளியைத் தூக்கும்போது சுமார் 16 கிலோவுக்கு மேல் பாரம் விழக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை. நம் வார்டில் 80 கிலோ ஆளை இரண்டு பெண்கள் புரட்டுகிறார்கள். இடுப்பு வலி உள்ளவர் துணைக்கு ஆள் வரட்டும் என்று காத்திருப்பார். ஆள் வராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டியவரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவார்கள். படுக்கைப் புண் அப்படித்தான் வருகிறது, அதற்கும் மெமோ உண்டு. பாத்ரூம் போனால் வார்டை யார் பார்ப்பது என்று தண்ணீரே குடிக்காமல் எட்டு மணி நேரம் ஓட்டி, சிறுநீர்த் தொற்றில் படுத்த நர்ஸ்களை எனக்குத் தெரியும். நின்றுகொண்டே இருப்பதால் வரும் கால் நரம்பு சுருட்டலைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை. ஜவுளிக்கடைப் பெண்கள் உள்ளிட்ட கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் இந்த மாநிலம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. எங்கள் நர்ஸ் ஸ்டேஷனில் உள்ள ஒரே நாற்காலியில் பெரும்பாலும் கேஸ் ஷீட்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆள் போட்டால் செலவு என்பீர்கள். சரி. இரண்டு வருட அனுபவம் வந்ததும் வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ போகும் பெண்ணுக்குப் பதில் புதிதாக ஒருவரை எடுத்துப் பழக்குவதும் செலவுதானே? அதை மட்டும் ஏன் யாரும் கணக்கில் எழுதுவதில்லை?

முழுத் தீர்வை ஒரே நாளில் கேட்கவில்லை. தவறு நடந்தால் நிரப்பும் படிவத்தில் இரண்டு கட்டங்கள் சேருங்கள்: அந்த ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள், அது அவருடைய எத்தனையாவது தொடர் டூட்டி. நைட் முடித்தவரை அதே நாள் மதியம் கூப்பிடாதீர்கள். நோயாளியைத் தூக்காமல் நகர்த்த உதவும் வழுக்கு விரிப்பு (ஸ்லைடிங் ஷீட்) வார்டுக்கு இரண்டு வாங்கிக் கொடுங்கள், விலை அதிகமில்லை. அடுத்த மாத டூட்டிப் பட்டியலை (ரோஸ்டர்) 25-ம் தேதி போடுவோம், அதற்குள் படிவம் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வார்டு இன்சார்ஜ், சென்னை